மூன்றாவது சொல்

நாலரைக்கு விசில்.
நாலேகாலுக்கு வைக்கலாம் என்றார்கள், மறுத்துவிட்டேன்.
கடிகாரத்தில் அந்த இடத்தை
மராஷில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

கன்டெய்னர் நகரத்தில் எங்கள் தெரு பி-பதினாலு.
ஜல்லி கொட்டிய தரை, வெயிலில் காயும் மிளகாய்ச் சரங்கள்,
வாசலுக்கு வாசல் ஒரே வெள்ளைத் தகரம்.
தன் வீடு எதுவென்று தெரியாமல் பெர்ஃபின்
முதல் வாரம் மூன்று வீடுகளில் சாப்பிட்டாள்.

கையேடு சொல்கிறது: கேட்காதே.
எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், எத்தனை மணி நேரம்,
எதையும் கேட்காதே.
தினமும் அதே நேரம், அதே வட்டம், அதே முதல் ஆட்டம்.
நாளை என்று ஒன்று இருப்பதை
வாயால் சொல்லாமல் சொல்ல வேறு வழி இல்லையாம்.

அதனால் ஒட்டகம்-குள்ளன்.
'ஒட்டகம்' என்றால் எழ வேண்டும்.
'குள்ளன்' என்றால் குந்த வேண்டும்.
பிசகினால் அவுட்; கவிழ்த்த தயிர் வாளிமேல் உட்கார வேண்டும்.
நானும் இதே ஊரில் இதைத்தான் ஆடினேன்,
உடற்பயிற்சி டீச்சர் ஆவதற்கு வெகுகாலம் முன்பு.

ஒக்கேஷ் குந்தமாட்டான்.
ஒன்பது வயது. எல்லோரும் தரையில் சுருள,
அவன் மட்டும் கொடிக்கம்பம்.
விதிப்படி அவுட்தான்.
வாளிக்கும் போகமாட்டான், அதற்கும் முட்டி மடங்க வேண்டுமே.
முப்பத்தொரு மணி நேரம் மடங்கிக் கிடந்த முட்டி என்று
அவன் சித்தப்பா சொன்னார்.
நான் கேட்கவில்லை.

அவனிடம் விசிலையும் ஒரு நோட்டையும் கொடுத்தேன்.
'நீ எண்ணு. நின்றுகொண்டே எண்ணலாம்.'

அடுத்தது துணி ஆட்டம்.
ஏழு நிறம், நடுவில் ஓட்டை, ஓரத்தில் என் கோணல் தையல்.
ஒன்பது பேர் தூக்க, ஒன்பது பேர் உள்ளே ஓட,
ஒருவன் எண்ண,
கூரை எழும்பும்.
கூரை விழும்.
மெதுவாக, மூக்கின்மேல், தும்மல் வருகிற மாதிரி.
அலெப்போவிலிருந்து வந்த ரஹாஃப்
அடியில் கிடந்தபடி அரபியில் கத்துவாள்: மறுபடி!
அந்த ஒரு சொல் இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
எத்தனை முறை விழுந்தது, எத்தனை முறை தூக்கினோம்,
நோட்டில் இருக்கிறது:
வியாழன் நாற்பத்து மூன்று.
வெள்ளி காற்று அதிகம்.

செப்டம்பரில் ஒருநாள் அவனே தலைவன்.
ஒட்டகம், குள்ளன், ஒட்டகம், ஒட்டகம்,
பிறகு யாரும் கேட்டிராத ஒன்று:
'கதவு!'
விழித்தோம்.
'கதவுன்னா வெளியே ஓடணும். அவ்வளவுதான்.'
எங்களுக்குச் சுவரே கிடையாது.
ஜல்லிமேல் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கதவு போட்டான்,
தாழ்ப்பாள் இல்லாமல்.
கையேட்டில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் நிலம் அசைந்தது.
சின்னதுதான்.
மிளகாய்ச் சரங்கள் ஆடின, தகரங்கள் பல்லைக் கடித்தன,
மலைப்பக்கம் ஏதோ ஒரு நாய்.
பிள்ளைகள் வட்டத்தில் நின்றபடி நின்றார்கள்,
ஒக்கேஷின் வாயைப் பார்த்துக்கொண்டு.
'கதவு' என்றான், கத்தாமல்.
பதினெட்டுப் பேரும் சுண்ணாம்பைத் தாண்டினார்கள்,
கடைசியில் அவன்.

நான் தாண்டவில்லை.
நான் தரையில்.
முட்டிக்குள் தலை, பிடரியில் கை.
எப்போது குந்தினேன், தெரியாது.
ஜல்லி மட்டும் தெரிந்தது, ஒவ்வொரு கல்லாக.

அசைவு நின்றபின் இரண்டு கால்கள் வந்தன,
இடமும் வலமும் மாற்றிப் போட்ட செருப்போடு.
'டீச்சர், யாரும் சொல்லாமலே குள்ளன் ஆயிட்டீங்க.
நீங்க அவுட்.'

முதலில் சிரித்தது அவர்களா நானா, நினைவில்லை.
போய் வாளிமேல் உட்கார்ந்தேன்.
அவன் பக்கத்தில் வந்து நின்றான்.
எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன் என்று
ஒன்றும் கேட்கவில்லை.
நோட்டைத் திறந்து, நின்றுகொண்டே எழுதினான்:
செவ்வாய்.
டீச்சர், ஒருமுறை.